ஒரு வெள்ளிக்கிழமை ஹயர்

ஹயர் கார் ஓடுறது சுகமான தொழில் எண்டு சொல்லுறவை ஒருநாளும் ஸ்ரேறிங் பிடிக்காத ஆக்கள். அதைப் பிடிச்ச டிரைவர்மார் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் அறுபதுகளிலை ஓடின ஒரு ஹயரை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் புளுகம்தான், அப்பிடி ஒரு சந்தோசம்.

குடைக்கு ஒரு ஓட்டம்

பண்டத்தரிப்பிலை தோட்டம் செய்யிற செல்லையா அண்ணை, மகள் புவனத்தைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கார் பேசியிருந்தார். கும்பிடுற சாட்டிலை மாப்பிள்ளை பகுதி அங்கை வந்து பொம்பிளை பாக்கிற ஏற்பாடு. முந்தி வந்த மாப்பிள்ளையள் எல்லாரையும் புவனம் வேண்டாம் எண்டிட்டாள். இதுவும் தட்டுப்பட்டால் தரகர் இனித் தங்கடை படலையைத் திறக்கமாட்டார் எண்டு மனுசனுக்கு ஒரே பயம்.

பத்தரைக்கு ராகுகாலம். நேரம் கிட்டியும் புவனம் சீலை உடுத்து முடியேல்லை. அண்ணை அவளின்ரை குடையைக் கொண்டுவந்து பின் சீற்றிலை பக்குவமா வைச்சுப்போட்டுச் சொன்னார்: "தம்பி, இதை ஏத்திக்கொண்டு சந்திமட்டும் போட்டு வாரும். பிள்ளை நல்ல நேரத்திலை வெளிக்கிட்டதாக் கணக்கு."

தள்ளுறவர்

குடை போய் வந்தபிறகுதான் ஆக்கள் ஏறினவை. முன் சீற்றிலை என்னோடை தரகர். பாதிவழியிலை இன்னொரு ஹயர் கார் நிண்டுபோச்சு. டிரைவர் ஸ்ரேறிங்கிலை, ஒரு அம்மாவும் மாமாவும் பின்னாலை சாவகாசமா இருக்கினம். ஒரு பொடியன் பட்டுவேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு தனியத் தள்ளுறான். பூசின திருநீற்றுக்கு மேலை எண்ணெய்க் கறுப்பு வேறை. புவனம் விழுந்து விழுந்து சிரிச்சாள். தரகருக்கு முகம் செத்துப்போச்சு. "தம்பி, நிப்பாட்டாமல் விடும். கோயிலிலை காட்ட இருந்த மாப்பிள்ளை உந்தத் தள்ளுறவர்தான்."

தண்ணிப் போத்தல்

நிண்டுபோன ஹயர் காரை விட்டிட்டுப் போற வழக்கம் எங்கடை தொழிலிலை இல்லையே. நிப்பாட்டிக் கயிறு கட்டினன். மாப்பிள்ளை, உள்ளுக்கை ஆர் எண்டு தெரியாமல், புவனத்தின்ரை பக்கம் வந்து தண்ணி கேட்டார். அவள் போத்தலைக் குடுத்தாள். அவர் அதைத் தாய்க்குக் குடுத்து, மாமாவுக்குக் குடுத்து, டிரைவருக்கும் குடுத்து, தான் ஒரு சொட்டும் குடியாமல் வெறும் போத்தலைத் திருப்பித் தந்திட்டுச் சிரிச்சார்.

செல்லையா அண்ணை பயந்து பயந்து மகளின்ரை முகத்தைப் பாத்தார். அவள் இப்ப சிரிக்கேல்லை. "ஐயா, எனக்கு உவரைப் பிடிச்சிருக்கு. கோயிலிலை இனிச் சாமியை மட்டும் பாப்பம்."

கலியாணத்துக்கு, ராசியான கார் எண்டு அந்தப் பழுதான காரைத்தான் பிடிச்சவை; ஒழுங்கா ஓடுற கார் வைச்சிருக்கிறவனுக்கு இந்தத் தொழிலிலை என்ன மரியாதை, சொல்லுங்கோ பாப்பம்.