பக்கத்துக் கதிரைக்கு ஒரு மவுஸ்

கலியாணக் கார்ட் வடிவமைக்கும் தொழிலில் முதலில் பழுதாவது வலது கை மணிக்கட்டுத்தான். நாள் முழுக்கக் கணினியோடு மாரடிக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

கல்முனைக்குடியில் என்னுடையது ஒற்றை அறைக் கடை. மவுஸைத் தொட்டாலே வலி முழங்கை வரை இழுத்தது. கைக்கு ஓய்வு கொடு, இல்லாவிட்டால் தொழிலை விடு என்றார் டொக்டர். முன்பு பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்த என் கூட்டாளி சியாம், கட்டாரிலிருந்து ஒரு டிராக்போல் அனுப்பிவைத்தான். அது மேசையில் போட்ட இடத்திலேயே கிடக்கும். அதிலுள்ள உருண்டையைப் பெருவிரலால் உருட்டினால் போதும், திரையில் அம்புக்குறி ஓடும். இரண்டு கிழமையில் வலி பாதியானது.

ஹாஜியார் தள்ளிய தள்ளு

எங்கள் ஊர்ப்பக்கம் கார்ட் அடிக்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிற ஆட்களில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, மவுஸைப் பறித்து, மகளின் பெயரைத் தாங்களே நகர்த்திப் பார்ப்பார்கள். நிந்தவூர் ஹாஜியார் ஒருவர் அப்படித்தான் டிராக்போலைப் பிடித்துத் தள்ளினார். அது என் பிளேன்டீக் கோப்பை வரை போய் இடித்தது. அம்புக்குறி அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இந்தச் சாமான் மவுத்தாப் போயிட்டு, மூச்சில்ல. அடக்கிப் போடுங்க."

டீச்சரின் குரல்

அவருக்குப் பிறகு வந்தவர்களும் உருட்டிப் பார்த்து, அம்புக்குறியை மூலையில் தொலைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். திருத்தங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் குரலாக வரத் தொடங்கின. மருதமுனை டீச்சர் ஒருவர் முன்பெல்லாம் ஒரு கார்டுக்கு ஒரு காலை முழுக்க என் பக்கத்தில் இருந்து கதைப்பார். அவரைக் கடைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். கை நோகாத அந்தக் கிழமை எனக்கு மனிதர் முகம் பார்க்க ஆசையாக இருந்தது. பதில் குரலாகவே வந்தது:

"நான் வந்து என்னத்துக்குத் தம்பி? அதுல எனக்குக் கை வைக்க ஏலாதே. நீங்களே செஞ்சி அனுப்பிடுங்க."

கட்டாரிலிருந்து

சியாமுக்குக் கோல் எடுத்து, உன்ட சாமானைத் தூக்கி எறியப்போகிறேன் என்றேன். கை போனாலும் பரவாயில்லை, வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்றும் சொன்னேன். அவன் சொன்னான்:

"எறியாத மச்சான். ரெண்டையும் சொருகு. நான் இருந்த பக்கத்துக்கு மவுஸ வை."

இழுபறி

மவுஸ் திரும்பிவிட்டது என்று சொல்லியனுப்பியதும் ஹாஜியார் திருத்தத்துக்கு வந்தார். பக்கத்துக் கதிரைக்கு நேரே மவுஸ் இருந்தது. மகளின் பெயரை அவர் வலதுபக்கம் இழுத்தார், நான் உருண்டையால் நடுவுக்குக் கொண்டுவந்தேன். அவர் மறுபடி இழுத்தார். ஒற்றை அம்புக்குறிக்கு இரண்டு பேர் அடிபட்டோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும்தான் அவர் எழும்பினார்.

"நாளைக்கும் வாறன் தம்பி. நான் வெச்ச இடத்துல இருந்து அந்தப் பேர அசைச்சிராதீங்க."

அவர் படியிறங்கியதும் பெயரை ஒரு நூலளவு இடதுபக்கம் உருட்டி வைத்தேன். பிழையே இல்லாத கார்டுக்கு யார்தான் வந்து பக்கத்தில் இருப்பார்கள்?