கடைசி ஸ்டேஜில் ஒரு ரிலீவர்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. சண்டையெல்லாம் இல்லை. "சாப்பிட்டியா?", "தண்ணி வந்துச்சா?" — அவ்வளவுதான். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வீடியோ கேம்.

மகள் சின்னவளாக இருந்தபோது, அவளுக்கென்று டிவியில் மாட்டுகிற கேசட் கேம் ஒன்று வாங்கி வந்தார் என் கணவர். விளையாடியது என்னவோ இவர்தான். வாளோடு ஒருவன் ஓடுவான், தாவுவான், பள்ளத்தில் விழுந்து சாவான். தாவுகிற நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து முட்டும். செத்தால் அந்த ஸ்டேஜ் முதலிலிருந்து. ஸ்விட்சை அணைத்தால் கேமே முதலிலிருந்து. நாலாவது ஸ்டேஜைத் தொடுவதற்குள் இவருக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும். போட்டது போட்டபடி ஓடுவார். ஒருநாளும் முடித்ததில்லை.

அந்தக் கேமைத்தான் இத்தனை வருஷம் கழித்துத் தூசு தட்டிப் புதுசாக விட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு பெங்களூருவிலிருந்து வந்த மகள் வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனாள். அப்பா ரிட்டயர் ஆகப் போகிறார், பொழுது போகட்டும் என்று.

பொழுதா போனது? மனுஷன் உயிரை விட்டார். அதே பள்ளம், அதே பருந்து. விட்ட இடத்தில் சேவ் செய்யலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஈசி மோட் என்று ஒன்றும் உண்டு. விழுந்தால், விழுந்ததை அப்படியே பின்னால் ஓட்டி விழாத மாதிரி ஆக்கிக்கொள்ளலாம். "அது ஒண்ணும் வேணாம்" என்று இவர் அதன் பக்கமே போகவில்லை. தினமும் நிலக்கரி மைன்ஸில் மெஷின் ஓட்டிவிட்டு வருவார், குளிப்பார், அரை மணி நேரம் சாவார், தூங்குவார். இப்படியே மாசக்கணக்கில் தத்தித் தத்திக் கடைசி ஸ்டேஜுக்கு வந்துவிட்டார். அங்கே ஒரு அரக்கன். அவனைக் கொன்றால் கேம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தவர், அரக்கனிடம் பதினோரு முறை செத்தார். பிறகு நாற்காலியிலேயே தூங்கிப் போனார். பார்க்கவே பாவமாக இருந்தது.

இவர் பாதியில் விட்டதை முடிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. பண்ருட்டிப் பலாவை இவர் அறுக்க ஆரம்பிப்பார். சுளை எடுப்பது நான். பரணைச் சுத்தம் செய்ய ஏறுவார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும், மிச்சத்துக்கு நான் ஏறுவேன். அதே பழக்கத்தில் கண்ட்ரோலரையும் கையில் எடுத்தேன். ஈசி மோட் போட்டேன். விழுந்தேன், பின்னால் ஓட்டினேன்... விழுந்தேன், ஓட்டினேன். இருபது நிமிஷத்தில் அரக்கன் காலி.

மியூசிக் சத்தத்தில் இவர் கண் விழித்தார். திரையில் பெயர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"முடிஞ்சிடுச்சா?"

"நான்தாங்க முடிச்சேன்" என்றேன், பெருமையாக.

என் கையிலிருந்து கண்ட்ரோலரை வாங்கினார். "நான் வுட்ட எடத்துக்குத் திரும்பப் போவ முடியாதா?"

முடியாது. என் சேவ் அவருடையதன் மேலேயே பதிந்துவிட்டது.

அன்று ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதுதான், ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"முப்பத்திரெண்டு வருஷம்மா. நான் போவும்போது மெஷின் ஓடிக்கினு இருக்கும். அடுத்த ஷிஃப்டு ரிலீவர் வந்து ஒக்காந்தா எறங்கிடுவேன். அப்பவும் ஓடிக்கினுதான் இருக்கும். நானா ஒண்ண ஆரம்பிச்சதும் இல்ல, முடிச்சதும் இல்ல. இந்த ஒண்ணையாவது முடிக்கலாம்னு பாத்தேன். அதுக்கும் நீ ரிலீவரா வந்துட்ட."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்றேன். அடுத்த ஆள் வந்து உட்காராமல் இவர் இறங்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து தெரியும். சாப்பாட்டை எப்போது சூடு பண்ணுவது என்பதற்காக மட்டுமே அதைத் தெரிந்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அடுப்படிக்கு ரிலீவரே கிடையாது என்பது வேறு விஷயம். அதை இன்னொரு நாள் அவரிடம் பேசிக்கொள்கிறேன். ஆனால் உதவி உதவி என்று நாம் ஓடிப்போய்ச் செய்வதில் பாதி, அடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்குவதாகத்தான் இருக்கிறது, இல்லையா?

மறுநாள் காலை வந்து, குளித்து, முதல் ஸ்டேஜிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நேற்று அதே பள்ளத்தில் ஆறு முறை விழுந்தார். 'கொஞ்சம் முன்னாடியே தாவுங்க' என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இவர் இரண்டாவது ஸ்டேஜில் இருக்கிறார். எது முதலில் முடியுமோ, தெரியாது.

டிவி மேல் ஒரு விரல் தூசு... துடைக்கக்கூட நான் கிட்டே போவதில்லை.