வேணுகோபால் நெய்த சக்கரம்

பிள்ளையார்பாளையத்தில் ஆகஸ்ட் பதினைந்தன்று கொடியேற்றியதும் சாக்லேட் கைக்கு வராது. முதலில் வேணுகோபால் பேசி முடிக்க வேண்டும். பட்டுத் தறிக்காரரான அவர் இந்தியாவோடு நிறுத்துகிறவரல்லர். பர்மா, இந்தோனேசியா, கானா என்று ஒவ்வொரு நாட்டுக்கும் விடுதலை வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். அதற்குள் சாக்லேட் உருகிவிடும்.

அவரிடம்தான் வியட்நாமிலிருந்து வந்த ஒரு பிக்குணி, தங்கள் மடத்துப் புத்தர் சிலைக்குப் பின்னால் தொங்கவிட, தர்மசக்கரம் போட்ட பட்டுத் திரை கேட்டிருந்தார். வேணுகோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக எதற்கு டிசைன்? சுதந்திரப் பவள விழாவுக்காக நெசவாளர் சங்கத்துக்கு நெய்த சக்கரத்தின் ஜக்கார்டு அட்டைகள் பரணில் இருந்தன. அட்டையில் எப்படி ஓட்டை குத்தியிருக்கிறதோ, அப்படித்தான் துணியில் பூ விழும். எடுத்துத் தறியில் கட்டினார். இருபது நாளில் திரை தயார்.

வாங்கிப்போக வந்த பிக்குணி, சக்கரத்தின் ஆரங்களை விரல்விட்டு எண்ணினார். கூட வந்த வழிகாட்டிப் பெண் அம்சாவிடம் ஏதோ சொன்னார்.

"அண்ணா, எட்டுதான் இருக்கணுமாம். புத்தர் சொன்ன வழி எட்டாம். இதுல இருபத்திநாலு இருக்குதே!"

"கூட இருந்தா நல்லதுதானேம்மா?"

உள்ளேயிருந்து மனைவி தில்லையம்மாள் குரல் கொடுத்தார்: "அத்தனை நாட்டுக்கும் விடுதலை வாங்கிக் குடுத்தீங்க, எட்டு எண்ணத் தெரியலையா?"

முப்பது வருஷத்தில் அவர் நெய்த துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பிக்குணிக்கோ சாயங்காலம் விமானம். வேணுகோபால் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஐயோ, ஆரம்பிச்சிட்டாரு!" என்றார் தில்லையம்மாள்.

"சொல்லும்மா அம்சா. புத்தர் மொதமொதல்ல போதிச்சது சாரநாத்துல. அங்க அசோகர் ஒரு தூண் நட்டாரு. அந்தத் தூண் சக்கரத்துக்கு இருபத்திநாலு ஆரம். வெள்ளைக்காரன் கெளம்பினப்போ நாங்க கொடியில வெச்சது அதைத்தான்."

பேச்சு கானாவைத் தொட்டபோது பிக்குணி கையமர்த்தினார். நிதானமாக ஏதோ சொன்னார். அம்சா தமிழில் சொன்னாள்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துல இவங்க மடத்துலயும் ஒளிச்சு வெச்சு விடுதலைக் கொடி தைச்சாங்களாம். தைச்சது இவங்க குருவம்மாவாம். ஆனா புத்தருக்குப் பின்னாடி எட்டுதான் வேணுமாம்."

வேணுகோபால் முகம் தொங்கியது. திரையை மடிக்கக் குனிந்தார்.

"மடிக்காதீங்கண்ணா! இது குருவம்மா படம் மாட்டின கூடத்துக்காம். எட்டு ஆரத்துல இன்னொண்ணு நெய்யச் சொல்றாங்க."

அந்த ஆகஸ்டில் பேச்சில் வியட்நாமும் சேர்ந்துகொண்டது. தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவரை நிறுத்த முடியாது என்று தெரிந்ததால் சாக்லேட்டை நிறுத்திவிட்டுக் கடலை மிட்டாய் வாங்கினார்கள். அது உருகாது.