ஸ்டிக்கர் மேல் வைத்த பொட்டு

அருணகிரி எட்டாம் மாசத்திலேயே பிறந்தவர். வயிற்றுக்குள் இன்னும் ஒரு மாசம் இருக்கக்கூட மனுஷனுக்குப் பொறுமை இல்லை என்று ஆரணியில் அவரைத் தெரிந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவார். அப்படி இறங்கித்தான் ஒருமுறை கண்ணமங்கலத்தில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். எதிரே இருப்பவர் பாதி பேசும்போதே பதில் சொல்லிவிடுவார். பல சமயம் அது வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது. கரையில் ஓடும் கொடி, முந்தியில் நிற்கும் அன்னம், சேலை உடலில் தெளித்த புட்டாப் பூ எல்லாம் முதலில் கட்டம் கட்டமாக இவர் கையில்தான் பிறக்கும். ஒரு கட்டம் பிசகினால் தறியில் சேலை முழுக்க அந்தப் பிசகு ஓடும். முதலில் கிராப் தாளில் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஊரே மாறியபோது அவரும் கம்ப்யூட்டருக்கு மாறினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் அவருடைய அவசரம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எழுந்ததும் செருப்போடு சேர்த்து அதையும் மாட்டிக்கொள்வார்.

அவர் மனைவி லீலா வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை "கொஞ்சம் பொறுங்க" என்பதுதான். அவர் அதிகம் சொன்னது "தோ வந்துட்டேன்." முப்பது வருஷக் குடித்தனம் இந்த இரண்டு பேச்சுக்கு நடுவே நடந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சம்பவம் நடந்தது. அன்னமும் தாழம்பூவும் கோத்து அருணகிரி ஒரு கரை போட்டிருந்தார். இரண்டு மாசத்து உழைப்பு. அந்தச் சேலை கைத்தறியில் இருந்து இறங்கிக் கடைக்குப் போவதற்குள், அதே கரை விசைத்தறிச் சேலையில் ஏறி பஜாரில் தொங்கியது. எவனோ அடித்த காப்பி. அருணகிரி மூன்று நாள் கத்தினார், சபித்தார், சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் லீலா தட்டை எடுத்து வந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க, உங்க டிசைனை எவனோ திருடிட்டான்னு உங்களுக்கு சோறு இறங்கல. இதோ உங்க பொட்டிக்குள்ள ஓடுதே விண்டோஸு, அது மட்டும் இன்னா, வாங்கினதா? கடைக்காரன் ஓசியில ஏத்திக் குடுத்ததுதானே? அதையும் எவனோ ஒருத்தன் கண்ணு எரிய உக்காந்துதானே செஞ்சிருப்பான்?"

அருணகிரி அடுத்த வாரமே வேலூருக்குப் போய், பெட்டியில் வைத்து விற்கிற அசல் விண்டோஸ் ஒன்றை விலை கொடுத்து வாங்கி வந்தார். காசு கொடுத்து விண்டோஸ் வாங்கிய புண்ணியவான் என்று தெருவே சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. வந்த வேகத்தில் டிஸ்க்கைப் போட்டு ஏற்றிவிட்டு, பெட்டியையும் ரசீதையும் சேர்த்துக் குப்பையில் எறிந்தார். லீலாதான் குப்பையைக் கிளறி, அந்தப் பெட்டியில் இருந்த சின்ன ஸ்டிக்கரைப் பிரித்தெடுத்து வந்து, கம்ப்யூட்டரின் சிபியு பெட்டி மேல் ஒட்டினாள். அதில் இருபத்தைந்து எழுத்து, ஐந்தைந்தாக.

"இதான் சாவின்னு கடைக்காரர் சொன்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க? சாவியை யாராச்சும் குப்பையில போடுவாங்களா?"

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து வைப்பது அருணகிரி வேலை, பொட்டு வைப்பது லீலா வேலை. அவர் ஈரத் துணியால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பூசணிக்காய் வாங்க ஓடினார். லீலா உட்கார்ந்து சந்தனம் குழைத்து, முதல் பொட்டை அந்த ஸ்டிக்கர் மேல் வைத்தாள். நியாயமாக வாங்கியது இதுதான், அதனால் இதற்குத்தான் முதல் பொட்டு என்றாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் இதே கதை. போன வருஷத்துப் பொட்டை அவர் துடைப்பார், புதுப் பொட்டை அவள் வைப்பாள்.

போன புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது லீலா போய்விட்டாள். ஒரு வாரமாகக் காய்ச்சல், மூச்சு கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "கஞ்சியைக் குடிச்சுடறேன், கொஞ்சம் பொறுங்க. கூட உக்காருங்களேன்" என்றாள். கண்ணமங்கலத்தில் ஒருவருக்குப் பென் டிரைவில் டிசைன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. "தோ வந்துட்டேன்" என்று அருணகிரி வண்டியை எடுத்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பியும் வந்துவிட்டார். வாசலில் பக்கத்து வீட்டு சின்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே கஞ்சி பாதி டம்ளரில் இருந்தது.

அந்த டிசைன் மறுநாள் போயிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகியிருக்காது. அது அவருக்குத் தெரியும். அதை நினைக்காத நாள் இல்லை.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. அதனால் அந்த ஆயுத பூஜைக்கு யாரும் எதையும் துடைக்கவில்லை, பொட்டும் வைக்கவில்லை. முந்தின வருஷம் லீலா வைத்த சந்தனமும் குங்குமமும் ஸ்டிக்கர் மேல் காய்ந்து அப்படியே இருந்தன. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் காவ்யாதான் அதை முதலில் கவனித்தாள். சந்தனத்தில் அம்மாவின் மோதிர விரல் ரேகை பதிந்திருந்தது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் பையை இறக்கி வைத்ததும் நேராக அங்கே போய்க் குனிந்து பார்ப்பாள். தொடமாட்டாள். "இதை மட்டும் துடைச்சுடாதப்பா" என்பாள். துடைப்பேனா என்று அவரும் சொல்லுவார்.

ஆடி மாசம் இடியோடு மழை பெய்த ஒரு சாயங்காலம், மின்சாரம் போய் வந்ததில் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்வன் வந்து திறந்து பார்த்தான். போர்டும் போயிற்று, ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று. நல்லவேளையாக டிசைன்கள் தனி டிஸ்க்கில் இருந்தன, ஆனால் விண்டோஸ் இல்லாமல் அவற்றைத் திறக்க முடியாது. புதுக் கம்ப்யூட்டர் ஒன்று சொல்லியாகிவிட்டது.

"விண்டோஸ் இன்னா பண்றதுண்ணா?" என்றான் வெற்றிச்செல்வன். "அது பொட்டியோட சேர்ந்து வந்ததா, தனியா வாங்கினதா?"

"தனியா வாங்கினதுப்பா. வேலூர்ல."

"அப்ப அது உங்களோடதுதாண்ணா. பழசுலருந்து எடுத்து புதுசுல போட்டுக்கலாம், தப்பே இல்ல. அந்த இருபத்தஞ்சு எழுத்து மட்டும் வேணும். டிஸ்க் நல்லாருந்தா அதுலருந்தே படிச்சிருப்பேன். ஸ்டிக்கர் இருக்குதா?"

இருக்கிறது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஓரத்தில் நாலைந்து எழுத்து தெரிந்தது. மீதி எல்லாம் லீலாவின் பொட்டுக்கு அடியில்.

வெற்றிச்செல்வனுக்கு விஷயம் புரிந்தது. அவன் லீலா கையால் காபி குடித்தவன். "விடுண்ணா, ஏன் பேஜாரு? என்கிட்ட ஒண்ணு இருக்குது, பத்து நிமிஷத்துல ஏத்திடறேன். ஊரே அதான் ஓட்டிகினு இருக்குது" என்றான். அருணகிரி தலையாட்டி மறுத்துவிட்டார். ஓசியில் ஏற்றிக்கொண்டால் லீலா முகத்தில் எப்படி விழிப்பது? புதிதாக இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் அவள் குப்பையில் இருந்து எடுத்து வந்ததைச் செத்த பெட்டியோடு போட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. அது அவளை இரண்டாம் தடவை விட்டுவிட்டுப் போவது மாதிரி இருந்தது. துடைக்காமல் வைத்துக்கொண்டால் பொட்டு, துடைத்து எடுத்துக்கொண்டால் எழுத்து. இரண்டும் அவளுடையதாக இருந்து தொலைத்ததே என்று அவருக்கு யார் மேலோ கோபம் வந்தது.

காவ்யாவுக்குப் போன் செய்தார். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை நான் வரேன். ரெண்டு பேரும் உக்காந்து பார்ப்போம், ஏதாச்சும் வழி இருக்கும். அதுவரைக்கும் அதுல கை வைக்காதப்பா" என்றாள்.

"வைக்கமாட்டேன்மா."

அது புதன்கிழமை. வியாழக்கிழமையை எப்படியோ தள்ளிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை தறிக்காரர் துரைக்கண்ணு போனில் கூப்பிட்டார். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை, தறியைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், டிசைன் எப்போது என்று கேட்டார். திங்கட்கிழமை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துரைக்கண்ணு சரி என்றிருப்பார். நல்ல மனுஷர். ஆனால் அருணகிரி வாயில் பழைய வார்த்தைதான் வந்தது.

"தோ, சாயங்காலத்துக்குள்ள குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு, தோளில் இருந்த வெள்ளைத் துண்டின் நுனியை நனைத்தார். போனில் ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றவில்லை. "மன்னிச்சுக்கோ லீலா" என்று மட்டும் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு துடைத்தார். அவருக்கே உரிய நாலு இழுப்பு. சந்தனம் குழைந்து மஞ்சளாக வந்தது, அதன் மேலே குங்குமம் சிவப்பாக. ரேகை எந்த இழுப்பில் போயிற்றோ, அவர் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது இருபத்தைந்து எழுத்தும் பளிச்சென்று இருந்தன. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக உடனே வெட்கப்பட்டார்.

எழுதிக்கொண்டு போனால் ஏதாவது எழுத்து மாறிவிடும் என்று பெட்டியையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். புதுக் கம்ப்யூட்டர் அங்கே வந்து தயாராக இருந்தது, வெற்றிச்செல்வன் அதில் எழுத்துகளைத் தட்டினான். ஏற்கெனவே இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டது என்பதால் புதியது முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. விண்டோஸ் கம்பெனியைப் போனில் கூப்பிடச் சொன்னது. பதிவு செய்த குரல் ஒன்று, இது இப்போது எத்தனை கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று கேட்டது. வெற்றிச்செல்வன் ஒன்று என்ற எண்ணை அழுத்திவிட்டு, அது சொன்ன எண்களை வரிசையாக ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் திரையில் எல்லாம் சரி என்று வந்துவிட்டது.

"முடிஞ்சுதுண்ணா. அண்ணி வாங்க வெச்சது வீணாப் போகல" என்றான். பழைய பெட்டியை ஓரமாக நகர்த்தியவன், ஸ்டிக்கரைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். "இருண்ணா, பன்னெண்டு வருஷமா வருஷா வருஷம் துடைச்சும் ஒரு எழுத்துகூட அழியலையேன்னு பார்த்தேன். மேல டேப் ஒட்டியிருக்குது பாருங்க."

நகத்தால் ஓரத்தைக் கிள்ளி மெதுவாக இழுத்தான். கண்ணாடி மாதிரியான செலோ டேப், ஸ்டிக்கரின் அளவுக்கே நறுக்கி ஒட்டியது, ஒரே துண்டாக உரிந்து வந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் துடைத்துவிட்டு ஓடிய பிறகு, லீலா அந்த எழுத்துகள் மேல் புது டேப்பை ஒட்டி, அதற்கு மேலேதான் பொட்டு வைத்திருக்கிறாள். அவர் எப்படித் துடைப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? அவர் கை பட்டு எதுவும் அழியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். ஒருநாளும் சொன்னதில்லை. அவர் நின்று கேட்டிருந்தால்தானே சொல்ல?

"அடடா" என்றான் வெற்றிச்செல்வன், கையில் டேப்பைப் பிடித்தபடி. "துடைக்காம இதை அப்படியே உரிச்சிருந்தா பொட்டு முழுசா இதோட வந்திருக்கும்ணா. எழுத்தும் கெடைச்சிருக்கும்." சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தான். டேப்பை அவரிடம் நீட்டினான்.

அருணகிரி அந்த டேப்பை வாங்கிப் பார்த்தார். நடுவில் காசு அளவுக்கு மஞ்சளாக ஒரு கறை இருந்தது. ரேகை இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிசைன் சாயங்காலம் ஐந்து மணிக்குத் துரைக்கண்ணு கைக்குப் போய்ச் சேர்ந்தது. "இன்னாத்துக்கு இவ்ளோ ஜல்தி? திங்கட்கிழமை குடுத்திருந்தாலும் போதுமே" என்றார் துரைக்கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காவ்யா வந்தாள். பையை இறக்கி வைத்ததும் வழக்கம்போல மேசைக்கு அடியில் குனிந்தாள். அங்கே புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. பழைய பெட்டி சுவரோரம் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தாள். அருணகிரி பையில் இருந்து டேப்பை எடுத்து நீட்டினார், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவசரப்படாமல் சொன்னார். காவ்யா டேப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அவள் கத்துவாள், திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் திட்டவில்லை.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாப்பா?" என்றாள்.

குரல் அப்படியே லீலாவின் குரல். முப்பது வருஷமாக அந்தப் பேச்சுக்கு அவர் சொல்லிவந்த பதில் நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் போய்விட்டுத் திரும்பி வர அவருக்கு எந்த வேலையும் இல்லை. மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் எழுந்திருக்கும்வரை அவரும் எழுந்திருக்கவில்லை.