முடி என்ன வேட்டியா?

கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அன்னவாசல் ஊரில் வீட்டு வாசலிலேயே துணிகளுக்கு இஸ்திரி போடுகிறேன். மனைவி வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் மகளுக்குத் தலைவாரி விடுவது நான்தான்.

பள்ளி ஆண்டுவிழாவன்று ஸ்ட்ரெய்ட்னரால் முடியை நேராக்கிவிடச் சொன்னாள். துணிக்குத் தெளிக்கிற பழக்கத்தில் முடிக்கும் தண்ணீர் தெளித்து அழுத்தினேன். சொர்ரென்று ஆவி எழுந்தது. ஒரு கொத்து முடி கருகிக் கையோடு வந்தது.

"எம் முடி என்ன வேட்டியாப்பா?" என்று அழுதாள்.

எதிர் டீக்கடைக்காரர், "பொம்பளை வேலை ஒங்களுக்கு எதுக்குண்ணே?" என்று சிரித்தார். கூச்சமாக இருந்தது; ஆனாலும் தலைவாரி விடுவதை நான் விடவில்லை.

இப்போது முடிக்குச் சூடே வைப்பதில்லை. லேசான ஈரத்தில் தளரப் பின்னி, காய்ந்ததும் அவிழ்த்தால் அலை அலையாக விழுகிறது. அதையும் டீக்கடைக்கு நேரெதிரே, வாசலில் உட்காரவைத்தே பின்னுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஆவணி 10, ஞாயிறு.