பந்து எதிராளியிடம் இருக்கட்டும்

என் மகன் கனடாவில் பாதிப் பிழைப்பைப் பந்து விளையாடிப் பிழைத்தான். மீதிப் பாதி ஒரு மரக்கிடங்கில். பந்து என்றால் கால்பந்து. திறந்த மைதானத்தில் அல்ல, கூரைக்குள். அவன் இருக்கும் ஊரில் வருடத்தில் பாதி பனி. ஐஸ் ஹாக்கி ஆடும் கொட்டகையில் ஐஸ் மேல் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிலும் பலகை அடைத்து, பக்கத்துக்கு ஆறு பேராக ஆடுவார்கள். பலகையில் பட்ட பந்து வெளியே போனதாகக் கணக்கில்லை. திரும்பி வரும், ஆட்டம் தொடரும். இதை அவன் முதன்முதலாக ஃபோனில் சொன்னபோது என் மனைவி கேட்டாள், "அப்ப நம்ம பின்சந்து மாதிரியாடா?"

"அதேதாம்மா. குப்பைதான் இல்ல."

இங்கே பர்மாவில், பசுந்தாங்கில் எங்கள் கட்டடத்துக்கும் பின்னால் இருக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் சாக்கடை, அதன் மேல் பாதி உடைந்த சிமெண்டுப் பலகைகள். எண்பத்தெட்டிலும் அதற்கடுத்த வருடத்திலும் கல்லூரிகள் மூடிக் கிடந்தன. பையன்களுக்குப் போக இடமில்லை. பகல் முழுவதும் அந்தச் சந்தில் பந்துதான். முதல் மாடியில் எங்கள் அடுப்படிச் சுவருக்கு நேர் கீழே அவர்களுடைய கோல். தொம், தொம் என்று அடி விழும். அரிசி களைகிற பாத்திரத்தில் காரை உதிரும். என் மனைவி கரண்டியால் சுவரைத் தட்டி, "டேய், சோத்துல சுண்ணாம்பு விழுதுடா" என்று கத்துவாள். கீழேயிருந்து ஒரே குரலில் "ஸாரி, ஆன்ட்டி!" என்று வரும். அடுத்த நிமிடம் மறுபடியும் தொம்.

அந்த ஆட்டத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அடுப்படி ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. இறங்கிப் போய்ப் பார்க்க அது என்ன திருவிழாவா? சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு சமைத்தாள். இன்றைக்கு அடிக்கிறது நம்ம பிள்ளை இல்லை, அந்த முட்டைக் கடைக்காரன் என்று சத்தத்தை வைத்தே சொல்வாள்.

நான் போட்டாதாங் கப்பல் ஜெட்டியில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. ஓய்வு பெற்ற பின்னும் கை நிற்கவில்லை. கோயிலில் உட்கார்ந்தால் மின்விசிறியை எண்ணுவேன், சாவு வீட்டுக்குப் போனால் செருப்பை எண்ணுவேன். ஆகவே, தொண்ணூறில் மனைவியின் அக்கா அழைத்து மகன் கனடா போய், அங்கே ஆட ஆரம்பித்ததும், ஃபோனில் நான் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தன கோல் போட்ட?"

"நான் தடுக்கிற பேக்குப்பா. போடறது என் வேலை இல்ல."

"சரி, எத்தன தடுத்த?"

"அத யாருப்பா எண்ணுவாங்க?"

எனக்கு அது பொறுக்கவில்லை. எண்ண முடியாத வேலை ஒன்று உலகத்தில் இருக்குமா? முழு மூட்டை எண்ணுகிறோம், கிழிந்த மூட்டை எண்ணுகிறோம். தடுத்த கோலை எண்ண ஆளில்லை என்றால் இவனை எதை வைத்து வேலையில் வைத்திருக்கிறார்கள், எப்போது நிறுத்திவிடுவார்கள் என்று கவலைப்பட்டேன். ஃபோன் எங்கள் வீட்டில் இல்லை. கீழ்வீட்டுக் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் சீனர் வீட்டில்தான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஊலே, இன்னிக்கும் பூஜ்யமா?" என்பார். ஊலே என்றால் இங்கே மாமா என்கிற மாதிரி. அவரும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. கேலிக்குத்தான் அப்படி.

தொண்ணூற்றாறில் ஒரு கப்பல்காரர் கையில் மகன் ஒரு வீடியோ கேசட் கொடுத்தனுப்பினான். ஒரு முழு ஆட்டம். கூட ஆடும் ஒருவனுடைய தகப்பனார் மேலே உட்கார்ந்து எடுத்தது. அன்று சாயங்காலம் சீனர் வீட்டில் பதினான்கு பேர் கூடினோம். என் மனைவி பருப்பு வடை சுட்டு எடுத்து வந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், பிள்ளை அவளைப் பார்க்கப் போகிறது போல.

படம் ஆரம்பித்தது. பச்சைத் தரை, வெள்ளைப் பலகை, சிவப்புச் சட்டை, மஞ்சள் சட்டை. எங்கள் பையன் சிவப்பு. முதலில் ஒரு வரிசையில் நின்றபோது இடது ஓரத்தில் தெரிந்தான். "அதோ!" என்று என் மனைவி எழுந்தே விட்டாள். விசில் ஊதியதும் பந்து எதிர்ப்பக்கம் போனது. கேமராவும் பந்தோடு போனது. எங்கள் பையன் படத்திலிருந்து மறைந்தான்.

மறைந்தவன் வரவே இல்லை. சிவப்புச் சட்டைகள் எதிராளி கோல் பக்கம் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஓரத்துக்கு அப்பால்தான் அவன் நிற்கிறான் என்பதால். கடைசியில் ஒரு மஞ்சள் சட்டைக்காரன் பந்தைப் பிடுங்கி ஓடி வந்தான். கேமரா திரும்பியது. எங்கள் பையன் குறுக்கே வந்தான், காலை நீட்டினான், பந்தைப் பலகையில் தட்டி அது திரும்பும் இடத்துக்குத் தானே போய் வாங்கினான், முன்னால் அனுப்பினான். பந்து போயிற்று. அவனும் போனான்.

என் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மஞ்சள்காரர்களிடம் பந்து இருந்தால்தான் மகன் தெரிவான்.

அதன் பிறகு அவள் மஞ்சள் கட்சி. "அவன்கிட்டேருந்து புடுங்கேன்டா" என்று மஞ்சளைப் பார்த்துச் சொன்னாள். சிவப்பு கோல் போட்டபோது, "இவனுங்க எதுக்கு சும்மா சும்மா அங்கேயே ஓடறானுங்க" என்று அலுத்துக்கொண்டாள். சீனர் முதலில் திகைத்தார். பிறகு அவரும் மஞ்சள். பிறகு அறையே மஞ்சள். ஒரு மஞ்சள் பையன் பந்தோடு பாய்ந்து வந்தான், எல்லாரும் பர்மியில் "கன்! கன்!" என்று கத்தினார்கள், உதை உதை என்று. மகன் முகம் பெரிதாகத் தெரிகிற அந்த இடத்தில் கரண்ட் போனது.

யாரும் எழவில்லை. இருட்டில் வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்று கரண்ட் வரவில்லை.

அந்தக் கேசட்டை அப்புறம் எத்தனை முறை போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், சொன்னால் நம்பமாட்டீர்கள். நாடா தேய்ந்து சிவப்பும் மஞ்சளும் ஒரே ஆரஞ்சாகும் வரை என் மனைவி பார்த்தாள். பார்த்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான். "பந்து இல்லாதப்ப அவன் என்னங்க பண்ணிக்கிட்டிருப்பான்?"

"நிப்பான்."

"சும்மாவா?"

"வேற என்ன பண்ணுவான்? நிப்பான்."

தொண்ணூற்றொன்பதில் முதல்முறையாக ஊருக்கு வந்தான். அவன் ஆடுவதை நேரில் பார்க்கலாம் என்று அவள் காத்திருந்தாள். விமான நிலையத்தில் நொண்டிக்கொண்டு வந்தான். முழங்காலைத் திறந்து தைத்த புதுத் தழும்பு. இருந்த நாளெல்லாம் அவள் அதில் எண்ணெய் தடவினாள். நான் தையலை எண்ணினேன். ஆடாமலே திரும்பிப் போனான்.

பிறகு அந்தப் பலகை ஆட்டத்துக் குழு கலைந்தது. ஃபுட்சாலுக்கு மாறினான். அதுவும் கூரைக்குள்தான், ஆனால் பலகை கிடையாது. தரையில் கோடு மட்டும். கோட்டைத் தாண்டினால் பந்து எதிராளிக்கு. பின்சந்திலும் கனடாவிலும் சுவரை நம்பியே வளர்ந்த கால் அவனுக்கு. முதல் சில மாதங்கள், பக்கத்தில் தட்டிவிட்டு அது திரும்பி வரும் என்று ஓடுவானாம். பந்து நேரே பார்க்கிறவர்கள் மடியில் போய் விழுமாம். "எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா" என்றான். முப்பது தாண்டிய பிறகு காலுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுத்தான். அதிலும் ஏழு வருடம் ஆடினான்.

இரண்டாயிரத்தெட்டில், மழை முடிகிற சமயம், ஃபோன் வந்தது. மறுபடியும் முழங்கால். டாக்டர் இன்னொரு முறை திறக்க வேண்டும் என்கிறார். திறந்தால் நடக்கலாம், மாடி ஏறலாம், ஆட முடியாது. நான் செலவையும் வேலையையும் பற்றி நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"திறக்கிறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போடா. எனக்கு உன்னைப் பாக்கணும்."

"கால் தாங்கணுமேம்மா."

"மெதுவா ஆடு. நான் என்ன கோலா கேட்டேன்?"

அறுவைச் சிகிச்சையைத் தள்ளி வைத்துவிட்டு ஜனவரியில் வந்தான். எனக்குத் தூக்கம் போயிற்று. இங்கே வந்து முழங்கால் ஒடிந்தால் யார் தூக்கிக்கொண்டு போவது? சிமெண்டுத் தரையா, புல் கம்பளமா? கம்பளம் என்றான். அடியில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லாரும் போனோம். தகரக் கூரை போட்ட வாடகை மைதானம். ஒரு பக்கம் பெஞ்சு, மறுபக்கம் கோட்டை ஒட்டியே செங்கல் சுவர். சுவரில் பட்டால் ஆட்டம் உண்டு என்று இரண்டு கட்சியும் பேசிக்கொண்டார்கள். மகன் பக்கம் பழைய பின்சந்துக்காரர்கள், முட்டைக் கடைக்காரன் உட்பட. ஐந்து பேர், நான்கு தொந்தி. எதிர்ப்பக்கம் பேட்டைப் பையன்கள், இவர்கள் வயதில் பாதி இருக்கும்.

என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் வடைச் சட்டி. விசில் ஊதியதும் பந்து அந்தப் பக்கம் போயிற்று. எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் தலை திரும்பவில்லை.

நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். பந்து தொலைவில் இருக்கையில் அவன் நிற்கவில்லை. இரண்டடி முன்னால் வந்தான், மூன்றடி பின்னால் போனான். தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "இடது! இடது! பின்னாடி ஆள்!" என்று முட்டைக் கடைக்காரனை விரட்டினான். விரலைக் காட்டி ஒருவனை நகர்த்தினான். யாரும் பார்க்காத இடத்தில் முழங்காலை ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி நகர்ந்தான். பந்து வரும்போது அவன் செய்தது கொஞ்சம். வராதபோது செய்தது அதிகம்.

"பாத்தீங்களா?" என்றாள் அவள், என்னைப் பார்க்காமலே. "நிப்பான்னீங்களே. எங்க நிக்கிறான்? அத்தன வருஷமும் அந்த ஓரத்துல இப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்திருக்கான்."

அதற்குள் பேட்டைப் பையன்களில் ஒருவன், காதில் கடுக்கன் போட்டவன், பந்தைப் பறித்துக்கொண்டு பாய்ந்தான். பழக்கம் விடுமா? என் மனைவி எழுந்து, "கன்! கன்!" என்று கத்தினாள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையனே ஒரு கணம் தயங்கி, "அமே, நீங்க எந்தக் கட்சி?" என்று பர்மியில் கேட்டான். அமே என்றால் அம்மா. அந்தத் தயக்கத்தில் மகன் பந்தை எடுத்துச் சுவரில் அடித்தான். தொம்.

அவள் மெல்ல உட்கார்ந்தாள். சட்டியின் மூடி லேசாகச் சரிந்தது, அதைச் சரி செய்யவில்லை.

நான்குக்கு ஏழு. எங்கள் கட்சி தோற்றது. ஏழில் இரண்டு மகனுடைய கால் வேகம் போதாததால் விழுந்தது, அதையும் எண்ணினேன். ஆட்டம் முடிந்து அவன் கம்பளத்தில் உட்கார்ந்து ஐஸ் பையை முழங்காலில் கட்டிக்கொண்டான். அறுபது வடை கொண்டுவந்திருந்தாள். முதலில் மகனிடம் போவாள் என்று நினைத்தேன். நேரே கடுக்கன் பையனிடம் போய் அவன் இரண்டு கையும் நிறைய வைத்தாள்.

"சாப்பிடுப்பா. நீதான் விடாம பந்தை இங்க கொண்டு வந்த."

அவனுக்குத் தமிழ் தெரியாது. எதற்கென்று புரியாமல் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். கீழே உட்கார்ந்திருந்த மகன், "அம்மா, நான்மா உன் பிள்ளை" என்றான்.

"உன்னத்தான்டா பாத்தேன்" என்றாள். "முழுசாப் பாத்துட்டேன். போய்க் காலைக் காட்டு டாக்டர்கிட்ட."