முப்பத்தோராம் நாள் கழன்ற பூட்டு

ஊசியம்மா (1944–2021). பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கோட்டு தைத்தவர்.

நான்காம் மாடியில் வீடு. பக்கவாதத்துக்குப் பின் கணவருக்குச் சக்கர நாற்காலியே கதியாயிற்று. 2017இல் அக்கட்டடத்தின் ஆறு குடித்தனங்களும் சேர்ந்து லிப்ட் அமைக்க ஒப்பந்தம் செய்தன. கையெழுத்திட்டவர் ஊசியம்மா. தெரிந்த பையன் என்று நம்பித்தான் ஒப்பந்தக்காரரைப் பிடித்தார். அவரோ கூண்டைப் பொருத்தினார், மொட்டைமாடி இயந்திர அறையைத் தம் பூட்டால் பூட்டினார், பெரிய கட்டடம் ஒன்று கிடைத்ததும் கம்பி நீட்டிவிட்டார். ஏழு மாதங்கள் கணவர் ஜன்னல் வழியாகவே தெருவைப் பார்த்தார்.

"கேஸ் போடலாமே அக்கா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"தீர்ப்பு வரைக்கும் இவரு ஜன்னலையே பாத்துட்டிருக்கணுமா?"

பதிவுத் தபாலில் ஒப்பந்தக்காரருக்கு அறிவிப்பு போயிற்று: முப்பது நாளில் முடியுங்கள், தவறினால் வேறொருவரை வைத்து நாங்கள் முடிப்போம், செலவு உங்களுடையது. அது அவர் கைக்குச் சேர்ந்த நாள்முதல், துணியில் குறிபோடும் சாக்பீஸால் ஊசியம்மா கூண்டுக் கதவில் நாளுக்கொரு கோடு கிழித்தார். "இன்னிக்கு எத்தனை?" என்று கணவர் மாலைதோறும் கேட்பார்.

முப்பத்தோராம் நாள் காலை வேறொரு மெக்கானிக் வந்தார். முடிந்தது எது, முடியாதது எது என்று முதலில் படமெடுத்துப் பட்டியலிட்டார். சேதி எட்டி, ஒப்பந்தக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என் வேலையில வேற ஆளு கைவைக்கக் கூடாதும்மா!"

"வேலையே நடக்கலையே தம்பி, எதுல கைவைக்கிறது? ரூம் எங்களோடது, பூட்டுதான் உன்னோடது. கழட்டி எடுத்துட்டுப் போ."

"செலவ என் தலையில கட்டுவீங்களோ? இது யாரு சொன்ன நியாயம்?"

"உங்கம்மா சொன்னது."

அவர் விழித்தார். ஊசியம்மா தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்து நீட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு முன், இந்த ஒப்பந்தக்காரருடைய முதல் நேர்முகத்தேர்வுக்கான கோட்டைக் கைகள் வைத்துத் தைக்காமலே கிடப்பில் போட்டுவிட்டு, பெரிய ஆர்டர் ஒன்றின் பின்னால் போனவர் ஊசியம்மாதான். இவர் தாயார் இரண்டு முறை கெடு வைத்தார். பிறகு கோட்டைத் தூக்கிப்போய் வேறு தையல்காரரிடம் முடித்து, ரசீதைக் கடை மேசையில் வைத்தார். என் வேலையில் வேறு ஆளா என்று ஊசியம்மாவும் அன்று குதித்தார். குதித்துவிட்டு ரசீதிலிருந்த பணத்தைக் கொடுத்தார்.

"நான் கொடுத்தேன், நீயும் கொடு. அந்தக் கோட்டப் போட்டுட்டுத்தானே வேலைக்குப் போனே? கையில்லாமலா போனே?"

மெக்கானிக் சிரிப்பை அடக்கக் குனிந்து கருவிப்பையைத் துழாவினார். ஒப்பந்தக்காரர் சாவியை எடுத்துப் பூட்டைக் கழற்றினார். பிற்பாடு செலவையும் மூன்று தவணைகளில் கட்டினார்.

பதினான்கு நாளில் லிப்ட் ஓடியது. கதவிலிருந்த முப்பது கோடுகளைத் துடைக்க ஊசியம்மா எவரையும் விடவில்லை. "இருக்கட்டும். அடுத்தவன் வந்தா எண்ணிப் பாக்கட்டும்."

கணவரை அவர் கடைசியாகத் தெருவுக்கு இறக்கிச் சென்ற நாள்: 2021 பிப்ரவரி 9.